பன்னிரண்டாம் நிமிடத்துத் திக்கல்

மாமாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் திட்டு வாங்காதவர் ஒருவரும் கிடையாது. நான் அவர் பெண்டாட்டியின் தம்பி என்பதால் எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது. இருபத்தேழு வருஷம் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து, காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் டாக்டரோ வக்கீலோ புது மாப்பிள்ளையோ, எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டியவர். "கண்ணாடியப் பாரு! உன் மூஞ்சியப் பாக்கச் சொல்லல, பின்னாடி வர்ற லாரியப் பாக்கச் சொன்னேன்!" என்பார். நடு ரோட்டில் வண்டி அணைந்துபோனால், "பிரமாதம். நிறுத்தக் கத்துக்கிட்ட. இனிமே ஓட்டக் கத்துக்கோ," என்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். அவரிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கப் போய் மூன்று தடவை கோட்டை விட்ட ஒரே ஆள் நான். அதை அவர் எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

வீட்டிலும் வாய் ஓயாது. சாப்பிடும்போது பேசுவார், பல் தேய்க்கும்போது பேசுவார், டிவியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லுவார். அக்கா சலித்துக்கொண்டு, "காருக்கு ரெண்டு பிரேக் வெச்சாங்க, இவர் வாய்க்கு ஒண்ணு வெக்க மறந்துட்டாங்க," என்று எல்லாரிடமும் சொல்லுவாள். பிற்பாடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அப்படிச் சொன்ன வாயை நினைத்து நினைத்து அழுதாள்.

ஒரு நாள் காலை, நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பெண் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலத் திட்டிக்கொண்டே வந்த மாமா பாதி வார்த்தையில் நிறுத்தினார். இன்றைக்குத்தான் நாம் ஒழுங்காக ஓட்டுகிறோம் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாளாம். அப்புறம் வண்டி தானாக மெதுவாக நின்றது. மாமாவின் இடது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பெண்தான் பதறாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாள். ஓட்டிக்கொண்டு போனதும் அவளேதான்.

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது கை துவண்டுவிட்டது. இரண்டு கண்ணிலும் வலது ஓரம் பாதி இருட்டு. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. எல்லா வார்த்தையும் போய், ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: "சரி". பசி எடுத்தால் "சரி". தலை வலித்தால் "சரி". வேண்டாம் என்று தட்டைத் தள்ளும்போதும் "சரி" என்று சொல்லிக்கொண்டே தள்ளுவார். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்தது அதுதானா என்று தானே திகைத்துப் பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. அதனால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். என்ன கேட்பதென்றாலும் அக்காவிடம் கேட்டேன். "மாமா தூங்கினாரா? மாமாவுக்குக் கால் வீக்கம் எப்படி?" மாமா எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவர் இருந்தார். ஒல்லியான பெண்மணி, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அக்கா அவரை டீச்சரம்மா என்பாள். அவர் முறை வேடிக்கையாக இருந்தது. அவர் எடுத்து வைத்திருந்த பாட வீடியோவில் அவருடைய முகம் மட்டும் பெரிதாகத் தெரியும். உதடு தெளிவாக அசைய ஒரு வாக்கியம் சொல்லுவார். நோயாளி அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே, கூடச் சேர்ந்து அதைச் சொல்ல வேண்டும். "நான் சொன்னதுக்கு அப்புறம் சொல்றது இல்ல. கூடவே சொல்லணும். கூட்டத்தோட பாட்டு பாடுறப்ப நமக்குத் தெரியாத வரியும் வாயில வருது இல்ல? அது மாதிரி இழுத்துட்டு வரும்," என்றார். நாற்பது நிமிடப் பாடம், தினம் இரண்டு வேளை. ஆஸ்பத்திரி இணையதளத்தில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இறக்கி வைத்துக்கொள்ள வழியில்லை.

கூடவே ஒரு கெடுவும் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை. பத்து நீளமான வாக்கியத்தில் எட்டையாவது சொல்லிவிட்டால் இன்னும் ஆறு மாதம் நேரடிப் பயிற்சி. முடியாவிட்டால் இடம் அடுத்த நோயாளிக்கு. "வெளிய எவ்வளவு பேர் காத்திட்டிருக்காங்கன்னு பாத்தீங்க இல்ல? எனக்கும் மனசு கேக்காது. ஆனா விதி அது," என்றார். அக்கா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டாள்.

போனில் பார்த்தால் மாமாவின் பாதிப் பார்வைக்கு உதடு பிடிபடவில்லை. ஆகவே ஹாலில் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினோம். அக்கா மகள் படிக்க வாங்கியது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, அது மேஜையடியில் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தொழில், ஒரு பெரிய கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது. மிஞ்சுகிற துண்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து உறை தைத்துவிடுவாள். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, ரிமோட்டுக்குத் துணி உறையும் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையும். கம்ப்யூட்டர் பெட்டிக்கு நீலப் பூப்போட்ட கனத்த திரைத்துணியில் கச்சிதமாக அளவெடுத்துத் தைத்திருந்தாள். பொத்தானை அழுத்த ஒரு ஓட்டை, வயர் போக ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் மடித்து அடித்த தையல். பெட்டி ஓடும்போதும் அது கழற்றப்படாது. ஓடும்போது மட்டும் தூசி வராமல் இருக்குமா என்பது அவள் நியாயம்.

நான் டிவி ரிப்பேர்காரன். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் அதற்கு என்ன வியாதி என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு உண்டு. அதனால் அக்கா போன் செய்து, "டேய், வீடியோ விட்டு விட்டு ஓடுதுடா. டீச்சரம்மா வாயத் தொறந்துட்டு அப்படியே நிக்கிறாங்க," என்றபோது நான் யோசிக்கக்கூட இல்லை.

"நெட்டு மோசம்," என்றேன்.

நெட் கம்பெனிக்காரரை வரவழைத்தேன். அவர் தன் லேப்டாப்பில் வேகத்தை அளந்து, "லைன் சூப்பரா இருக்கு சார்," என்றார். "உன் மிஷின்ல சூப்பரா இருந்தா எங்களுக்கு என்னய்யா?" என்று ஒரு பாட்டம் கத்தினேன். என் கேள்வியிலேயே பதில் இருந்தது. அது எனக்குத்தான் உறைக்கவில்லை.

அப்புறம் வைஃபை வேண்டாம் என்று ரவுட்டரிலிருந்து ஹால் சுவரோரமாக வயர் இழுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அக்கா அந்த வயருக்கும் உறை தைத்திருந்தாள். வீடியோ அப்படியேதான் திணறியது. தரத்தைக் குறைத்து வைத்தேன். திணறல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் மேடத்தின் உதடு கரைந்து முகத்தோடு முகமாகிவிட்டது. மாமா எழுந்து, இடது விரலால் திரையில் அந்த வாய் இருந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். மறுபடி ஏற்றி வைத்தேன். பிரவுசரை மாற்றினேன். பழைய குப்பையை அழித்தேன். மகள் போட்டு வைத்திருந்த விளையாட்டுகளை எடுத்தேன். செட்டிங்கில் புரிந்ததையும் புரியாததையும் அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு ஓடும். "சரியாப் போச்சுக்கா. மாமா, சரியா?" என்று அவர் முகம் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பேன். அவர் "சரி" என்பார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? நான் தெருமுனை தாண்டுவதற்குள் அக்காவின் போன் வரும்.

கடைசியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நெட்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. அதைப் போட்டு, பாடத்தை ஓடவிட்டு, பதிவாகட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது நாற்பது நிமிடமும் பதிவாகியிருந்தது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. டெஸ்க்டாப்பில் பெரிய எழுத்தில் 'பாடம்' என்று பெயர் வைத்து, "இனிமே இதத்தான் போடணும். நெட்டத் தொடவே கூடாது," என்று அக்காவுக்கு உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "இதுலயும் நிக்குதுடா."

"நெட்டே இல்லாம ஓடுறது எப்படிக்கா நிக்கும்? உனக்குக் கண்ணுல கோளாறு," என்றேன். கடையில் கூட்டம். வைத்துவிட்டேன்.

அவள் அப்புறம் கேட்கவில்லை. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற ஒரு நம்பிக்கை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்கு நான் ஒருநாளும் தகுதியாக இருந்ததில்லை. அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். நோயாளி மூச்சு வாங்கட்டும் என்று டீச்சரம்மாவே நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. "அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து மாறாம," என்று மாமாவிடம் சொல்லிச் சொல்லி உட்கார வைத்தாள்.

மாமா முரண்டு பிடித்தார். பாடம் கொஞ்ச தூரம் ஓடியதும் குனிந்து, இடது கையால் பெட்டியின் மேலிருந்த துணியைப் பிடித்து இழுப்பார். உறை கோணலாக இருக்கிறது என்கிறார் போலும் என்று அக்கா ஓடிவந்து அதை இழுத்து நேராக்கி, ஓரத்தை நன்றாகச் செருகிவிடுவாள். மறுபடி இழுப்பார். மறுபடி செருகுவாள். ஒருநாள் கீபோர்டைத் தள்ளிவிட்டார். இந்த நோயில் கோபம் வரும், கண்டுகொள்ளக் கூடாது என்று நான்தான் அக்காவுக்குச் சமாதானம் சொன்னேன். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். தினம் இரண்டு வேளை, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், திரைக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டோடு உதடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சோதனை நாளன்று மாமாவுக்கு டிரைவிங் ஸ்கூல் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள் அக்கா. அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அலமாரியைக் காட்டிக் காட்டி "சரி சரி" என்றாராம். மேடத்தின் அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நாலு நாற்காலி. நானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்தோம்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

சின்ன வாக்கியங்களை முதலில் கேட்டார். "எனக்குப் பசிக்குது." மாமா சொன்னார். கொஞ்சம் குழறினாலும் சொன்னார். "தண்ணி வேணும்." சொன்னார். அக்கா என் முழங்கையை நெரித்தாள். மேடத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. பாடத்தின் ஆரம்பத்தில் வருகிற ஐந்தாறு வாக்கியமும் அவர் வாயிலிருந்து வந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் "சரி" மட்டும் சொன்ன மனிதர்.

அடுத்து நீளமான வாக்கியங்கள். முதலாவது: "காத்து வரட்டும், ஜன்னலத் தொறந்து வை."

"காத்து வரட்டும், ஜன்..."

நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. பிறகு "...லத்தொந்துவை" என்று எல்லாம் ஒன்றாகச் சரிந்து வந்தது.

"பரவாயில்ல சார். இன்னொரு தடவ."

"காத்து வரட்டும், ஜன்..." அதே இடம். அதே மூன்று நொடி. அதே சரிவு.

மேடம் மூன்றாவது தடவையும் கேட்டார். மாறவில்லை. அடுத்த வாக்கியம், "இன்னைக்கு வெளிய வெயில் அதிகமா இருக்கு." அதிலும் "வெ" என்று நின்று, மீதி கொட்டியது. எட்டு வாக்கியம் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை. மாமாவின் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருந்தது.

மேடம் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து நெற்றியில் தட்டிக்கொண்டார். "எனக்குப் புரியல. இந்த மாதிரி பாதிப்புல ஒரு தடவ தடுக்கின இடத்துல மறு தடவ தடுக்காது. மாறிட்டே இருக்கும். இவருக்கு ஒவ்வொரு தடவையும் அதே இடம். வார்த்தைக்கு நடுவுல வேற." கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். பிறகு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "சாரி மா. இத முன்னேற்றம்னு என்னால எழுத முடியல."

மாமா குனிந்து தன் துவண்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னும் ஒரு தடவை முயன்றார். "காத்து வரட்டும், ஜன்..."

அப்போதுதான் என் காதில் விழுந்தது. நின்றது மட்டும் என்றால் எனக்குத் தெரிந்திருக்காது. நின்ற பிறகு வந்த எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடினவே, அதைத்தான் சொல்கிறேன். பெட்டி திணறி நின்றுவிட்டு, விட்டுப்போனதைப் பிடிக்கத் தாவும்போது கேட்கிற சத்தம் அது. முப்பது வருஷமாக அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அது மாமாவின் திக்கல் இல்லை. நான் டீக்கடையில் உட்கார்ந்து கதை அடித்துக்கொண்டிருந்தபோது பதிவான திக்கல்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை மறைக்கப்போவதில்லை. அக்காவின் முன்னால், இந்தப் படித்த பெண்மணியின் முன்னால், எல்லாவற்றுக்கும் மேல் மாமாவின் முன்னால், நானொரு முட்டாள் என்று நானே சொல்ல வேண்டும். மேடத்தின் பென்சில் படிவத்தில் நகர ஆரம்பித்துவிட்டது.

"மேடம், எழுதாதீங்க," என்றேன். "அது அவரோட தப்பு இல்ல. என் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ திணறியது, நான் பதிவு செய்தது, ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்காதது, அக்கா சொல்லியும் கேட்காதது, எல்லாம். மேடம் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சார், நீங்க அந்த நிக்கிறதயும் சேத்தா கத்துக்கிட்டீங்க?"

மாமா நிமிர்ந்தார்.

மேடம் தன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, உண்மையான பாடத்தைப் போட்டார். அதில் அவர் முகம் எங்கும் நிற்காமல் சொல்லிக்கொண்டு போனது. "காத்து வரட்டும், ஜன்னலத் தொறந்து வை." மாமாவின் கண் விரிந்தது. கூடச் சொன்னார். "ஜன்" என்றதும் பழக்க தோஷத்தில் நின்றார், திரை அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மேடம் மறுபடி போட்டார். இரண்டாவது தடவை ஒரு நொடிதான் நின்றார். மூன்றாவது தடவை மேடம் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானும் கூடச் சொன்னார். நாலாவது தடவையில் "ஜன்னல" என்று கடந்துவிட்டு, "தொ... தொற..." என்று வேறொரு இடத்தில் தடுக்கி, தடுமாறி, முடித்தார்.

மேடம் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? இப்ப தடுக்குச்சே, இது அவரோடது. இது எனக்குத் தெரிஞ்ச தடுமாற்றம். இதச் சரி பண்ணத்தான் எனக்குச் சம்பளம்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, நாக்கு சொல்பேச்சு கேக்காத ஒருத்தரால, ஒரு மிஷினோட திக்கல இவ்வளவு சுத்தமா, நொடி பிசகாம திருப்பிச் சொல்ல முடியுமா? காது வேலை செய்யுது, கண்ணு வேலை செய்யுது, நாக்கு கேட்ட மாதிரி திரும்புது. தப்பாக் குடுத்தத அவர் தப்பில்லாம படிச்சிருக்கார்."

எழுதியதை அடித்துவிட்டு, காரணத்தையும் பக்கத்தில் எழுதி, ஆறு மாதம் என்று போட்டார். அக்கா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். நான் மாமாவின் காலடியில் விழுந்திருப்பேன், அந்த அறையில் அதற்கு இடம் இல்லை. "மாமா, மன்னிச்சிருங்க," என்றேன். அவர் "சரி" என்றார். மன்னித்தாரா, திட்டினாரா என்று தெரியவில்லை. திட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நேராக வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை நான் செருப்பை வாசலில் தள்ளி விட்டேன், சீக்கிரம் மாட்ட முடியாதபடிக்கு. முதலில் வியாதியைக் கண்ணால் பார்க்க வேண்டும். நெட்டில் பாடத்தைப் போட்டு, மாமா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. பத்து நிமிடம் ஓடியது. மேஜைக்கடியில் விசிறிச் சத்தம், பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுகிற மாதிரி, கூடிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் மேடம் வாயைத் திறந்தபடி நின்றார். மாமா குனிந்து இடது கையால் உறையைப் பிடித்து இழுத்தார். அக்கா நேராக்க ஓடிவந்தாள்.

"அக்கா, தொடாத," என்றேன்.

நேராக்க வேண்டும் என்று அவர் இழுக்கவில்லை. கழற்றச் சொல்கிறார். மூன்று மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கையை உள்ளே விட்டேன், பெட்டி சுட்டது. வாடிக்கைக்காரர் வீடாக இருந்தால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அந்தத் துணியை உருவி எறிந்திருப்பேன், அவருக்கு ஒரு பிரசங்கமும் செய்திருப்பேன். அக்கா வீட்டில் அது எனக்குக் கண்ணிலேயே படவில்லை. உள்ளே மூச்சு விட முடியாமல் பெட்டி சூடேறி, சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, வீடியோவை இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதிவு செய்கிற வேலையையும் அன்று அதன் தலையில் கட்டியபோது இன்னும் மோசமாகத் திணறியிருக்கும்.

"தூசி படக் கூடாதுன்னுதானேடா தெச்சேன்," என்றாள் அக்கா. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? "நல்ல தையல்க்கா. கார் சீட்டுக்குப் போடலாம்," என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். உறையெல்லாம் மீறி விசிறிக்குள் தூசி கம்பளி மாதிரி அடைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி, ஊதி எடுத்தேன். மையச் சில்லுக்கு மேல், சூட்டைக் கடத்த வைத்திருந்து காய்ந்துபோன பசையை வழித்துவிட்டுப் புதிதாக வைத்தேன். முன்பு புரியாமல் அமுக்கிய செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அதில் ஒன்று, வீடியோவை இழுக்க உதவுகிற பாகத்தையே நான் அணைத்து வைத்திருந்தது. பெட்டியை மேஜைக்கடியிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். 'பாடம்' என்று பெயர் வைத்த பதிவை அழித்தேன். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. கையை ஓங்கலாமா என்று இருந்தது எனக்கு.

சாயங்கால வேளைப் பாடத்தை நெட்டில் போட்டோம். பன்னிரண்டாம் நிமிடம் வந்தது, போனது. இருபது வந்தது. விசிறிச் சத்தம் கூடவில்லை. மேடத்தின் உதடு எங்கும் நிற்கவில்லை. மாமா கூடவே சொல்லிக்கொண்டு போனார். பின்தங்கினார், எட்டிப் பிடித்தார், மறுபடி தங்கினார், விடவில்லை. கார் கற்றுக்கொள்கிற காலத்தில் நான் ஒருநாள்கூட அப்படி முகத்தை வைத்துக்கொண்டு பிரயாசைப்பட்டதில்லை. நாற்பது நிமிடமும் நான் நகரவில்லை. பாடம் முடிந்து திரை அமைதியானது.

எனக்கு ஒரே பெருமை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பி, "ஏன்க்கா, இப்ப மாமாவுக்குச் சரியா இருக்குமா?" என்றேன்.

"என்..."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. வாய் எதையோ தேடியது.

"என்... னக்... கேளு."

எந்தப் பாடத்திலும் அது கிடையாது. திரையில் யாரும் கூடச் சொல்லவில்லை. அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாலு மாதமாக நான் அந்த மனிதரின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சங்கடப்பட்டது நான், தண்டனை அவருக்கு. ஸ்டூலை இழுத்து, முழங்கால் முட்ட, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"மாமா, நீங்க சொல்லுங்க. வீடியோ இப்ப நல்லா இருக்கா?"

அவர் யோசித்தார். வார்த்தை வரவில்லை. அக்கா பொறுக்காமல் ஏதோ எடுத்துக் கொடுக்க வாய் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. நாங்கள் காத்திருந்தோம்.

"சத்... தம்," என்றார் மாமா. மூச்சு வாங்கினார். இடது கையைக் காதுக்கு அருகே கொண்டுபோனார். "சத்தம்... கொ... கொறச்சல்."

நான் எழுந்து போய் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.